பெட்ரோல் வரியில் காடு வளர்த்த கோஸ்டா ரிகா: வேலை செய்தது காசா, சட்டமா?

#1 மேட்டுக்காட்டான்

கோஸ்டா ரிகா பற்றி ஒரு செய்தி அடிக்கடி சுத்தி வருது, எல்லாரும் பார்த்திருப்பீங்க. ராணுவத்தைக் கலைச்ச நாடு, பாதி நாடு காடு, காட்டை வெட்டாம வச்சிருக்கிற விவசாயிக்கு அரசாங்கமே வருஷா வருஷம் காசு கொடுக்குது, அந்தக் காசு பெட்ரோல் வரியிலிருந்து வருதுன்னு. 2021ல இதுக்காக எர்த்ஷாட்ங்கிற சுற்றுச்சூழல் பரிசும் வாங்கினாங்க.

எனக்கு ஒரு சந்தேகமுங்க. வெட்டாம இருக்கக் காசு கொடுத்தா, வெட்டுற எண்ணமே இல்லாதவன்தானே முதல் ஆளா வந்து வரிசையில நிப்பான்? செங்குத்துச் சரிவுல நிலம் வச்சிருக்கிறவனுக்கு அது ஓசிப் பணம். தண்ணியும் மண்ணும் நல்லா இருக்கிறவன் அந்தக் காசைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அப்புறம் எப்படிக் காடு திரும்பி வந்துச்சு? இன்னொண்ணு, ஏற்கெனவே மொட்டையாப் போன நிலத்தை மீட்க இந்த முறை உதவுமா, இல்ல இருக்கிற காட்டைக் காப்பாத்த மட்டும்தானா?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் விவரத்தோட திட்டுங்க.

#2 வரவுசெலவு

இதே சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் வந்தது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940களில் அந்த நாட்டில் முக்கால் பங்கு காடு. பிறகு மாடு வந்தது. அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி, அதற்கு மலிவு வட்டியில் வங்கிக் கடன். காட்டை வெட்டிப் புல் விதைத்தால் அந்த நிலத்தை “மேம்படுத்தியதாக” அரசே கணக்கு வைத்துக்கொண்டது. 1980களில் காடு ஏறக்குறைய கால் பங்குக்கு இறங்கிவிட்டது. இடையில் 1979இல் மரம் நடுவோருக்கு வருமான வரிச் சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். வரி கட்டும் அளவு வருமானம் உள்ளவனுக்குத்தானே அது பயன்படும்? பெரிய கம்பெனிகள் மட்டும் நட்டன. 1986இல் வரியில் கழிக்கவோ பிறருக்கு விற்கவோ கூடிய சான்றிதழ் முறையைக் கொண்டுவந்து சிறியவர்களையும் சேர்க்கப் பார்த்தார்கள்.

1996இல் வந்தது 7575ஆம் எண் வனச் சட்டம். இங்கேதான் கவனம் வேண்டும். வனவிலங்கு ஆர்வலர்கள் பேசும்போது இந்தச் சட்டத்தின் ஒரு பாதியை மட்டும் சொல்லி மறுபாதியை விழுங்கிவிடுகிறார்கள். சொல்லப்படும் பாதி இது: காடு நான்கு சேவைகளைச் செய்கிறது, கரியை (கார்பனை) பிடித்து வைக்கிறது, தண்ணீரைக் காக்கிறது, உயிரினங்களை வாழவைக்கிறது, கண்ணுக்கு அழகாக இருக்கிறது, ஆகவே நில உரிமையாளருக்குப் பணம் தரவேண்டும். ஆம், அழகும் சட்டத்தில் இருக்கிறது. விழுங்கப்படும் பாதி: அதே சட்டம் காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை அடியோடு தடை செய்தது. சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும்.

பணத்தை ஃபோனாஃபிஃபோ என்ற தேசிய நிதியம் 1997 முதல் கொடுத்துவருகிறது. எரிபொருள் வரியில் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் முதலில் எழுதினார்கள். கருவூலம் ஒருநாளும் முழுதாகக் கொடுக்கவில்லை. 2001இல் அதை மாற்றி, எரிபொருள் வரி வசூலில் 3.5 விழுக்காடு நேராக நிதியத்துக்கு என்று ஒதுக்கினார்கள். கவனியுங்கள், லிட்டர் விலையில் 3.5 அல்ல, வரி வசூலில். 2000களின் நடுவில் காட்டைக் காப்பதற்கான தொகை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 64 டாலர். ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 26 டாலர்.

இனி உங்கள் கேள்வி. ரொபலினோ, ஃபாஃப் என்ற இருவர் முதல் சில ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தார்கள். சேர்ந்த நிலங்களில், பணம் கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஓராண்டில் அழிந்திருக்கக்கூடியது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதாவது நீங்கள் சொன்னதுபோல் சரிவுக்காரர்கள்தான் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

#3 பனங்காட்டுநரி

> சேர்ந்த நிலங்களில், பணம் கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஓராண்டில் அழிந்திருக்கக்கூடியது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

முடிந்தது கதை. தோழர்களே, இதைத்தான் நான் இந்தத் தளத்தில் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூச்சுக்கும் தண்ணீருக்கும் விலைப்பட்டியல் ஒட்டினால் லாபம் யாருக்கு? பட்டா வைத்திருப்பவனுக்கு. மக்கள் வரிப்பணத்தை எடுத்து நிலக்கிழாருக்குக் கொடுத்துவிட்டு அதற்கு “சந்தைவழித் தீர்வு” என்று பெயர் வைப்பது உலக வங்கிக்குக் கைவந்த கலை. 2000இல் இந்தத் திட்டத்துக்கு 3.26 கோடி டாலர் கடன் கொடுத்ததும் அவர்கள்தான்.

#4 வரவுசெலவு

நரியாரே, பாதி ஒத்துக்கொள்கிறேன். இது சந்தை அல்ல. விற்பவனும் வாங்குபவனும் பேரம் பேசி விலை வைக்கவில்லை; அரசு ஆணை போட்டு விலை வைத்தது, வண்டி ஓட்டுகிறவன் தெரியாமலே கட்டினான். நேர்மையாகச் சொன்னால் இது மானியம். அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர்கள் மானியங்களை வெட்டச் சொல்லி நெருக்கியதால், மானியம் என்ற பெயரில் தொடர வழியில்லாமல் சேவைக்குக் கூலி என்று மாற்றி எழுதினார்கள். உங்கள் கட்சிக்காரர்கள் கைதட்டவேண்டிய இடம் இது!

மீதிப் பாதியில்தான் சண்டை. “காசு வேலை செய்யவில்லை” என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. தடை ஏற்கெனவே நாடு முழுக்க இருக்கிறது. சேர்ந்தவனுக்கும் தடை, சேராதவனுக்கும் தடை. இருவரையும் ஒப்பிட்டு “காசால் பெரிய வித்தியாசம் இல்லை” என்றால், தடையோடு சேர்த்து மேலதிகமாகக் காசு என்ன செய்தது என்பதுதான் அங்கே அளக்கப்படுகிறது. ஆனால் காசு தருகிறோம் என்று சொல்லாமல் அந்தத் தடையை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியிருக்க முடியுமா? தன் நிலத்தில் தன் மரத்தை வெட்டக்கூடாது என்று சும்மா சொன்னால் எந்த ஊர் விவசாயி ஒத்துக்கொள்வான்? மாட்டுக்காரர்களும் மரவியாபாரிகளும் ஒத்துக்கொண்டதே அந்தக் கூலியை நம்பித்தான். 26 டாலர் மரத்தைக் காக்கவில்லை, சட்டத்தைக் காத்தது. இது என் வாதம். இதை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் அளக்க முடியாது என்பதும் தெரியும்.

#5 வன்னியன்_ரொறன்ரோ

செய்மதி எண்டு சொன்னதும் எட்டிப் பாக்கிறன், என்ர வேலையே அதுதான். வரவுசெலவு அண்ணை சொன்ன கதையில ஒரு துண்டு விடுபட்டுப் போச்சு. காடு திரும்பி வரத் தொடங்கினது 1996இல இல்லை, அதுக்கு முந்தியே. எண்பதுகளில இறைச்சி விலை விழுந்தது, கடனும் நிண்டுபோச்சு. வடமேற்கில குவானகாஸ்தே மாகாணத்தில கனபேர் மாட்டை வித்துப்போட்டுப் பட்டணத்துக்குப் போயிட்டினம். மேய்ச்சல் தரை சும்மா கிடந்தது, காடு தானாவே வந்தது. அதோட சுற்றுலா வேற. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கேக்க வந்த திட்டத்துக்கு முழுப் பெருமையையும் குடுக்கிறது நியாயமில்லை.

அதுக்காக ஒண்டும் செய்யேல்லை எண்டும் சொல்ல ஏலாது. சரப்பிக்கி எண்ட பக்கத்தில பண்ணை பண்ணையாப் பார்த்து 2012இல வந்த ஆய்வில, சேர்ந்த பண்ணைகளில காடு கூடியிருக்கு எண்டுதான் வந்தது. அந்தப் பக்கம் வாழையும் அன்னாசியும் போட நல்ல நிலம். மேட்டுக்காட்டான் கேட்ட கேள்விக்கு மறுமொழி அங்கதான் இருக்கு: நிலத்துக்குப் போட்டி உள்ள இடத்தில காசு வேலை செய்யும், போட்டி இல்லாத இடத்தில அது சும்மா அன்பளிப்பு. ஆனா அன்னாசிக்காரன் தாற குத்தகைக்கு முன்னால 64 டாலர் என்னத்துக்குக் காணும்?

#6 பொதிகைச்சாரல்

எல்லாரும் வெட்டாத காட்டைப் பத்தியே பேசுதீங்க. மேட்டுக்காட்டான் அண்ணாச்சியோட ரெண்டாவது கேள்வி அநாதையா நிக்கி. நான் தாவரவியல் பாடம் எடுக்கிறவ, மண்ணோட பக்கத்திலிருந்து சொல்லுதேன்.

வெட்டாம இருக்கக் கூலி கொடுக்கிறது வேற, மொட்டை நிலத்தை மீட்கக் கூலி கொடுக்கிறது வேற. முதலாவதுக்கு ஆண்டுக்கொருக்கா கொஞ்சம் பணம் போதும். ரெண்டாவதுக்குச் செலவெல்லாம் முதல் ரெண்டு மூணு வருஷத்திலேயே வந்து விழும். நாத்து, வேலி, களை, தீத்தடுப்பு எல்லாம் கைக்காசு. பலன் தெரிய 20 வருஷம். கோஸ்டா ரிகாக்காரங்களுக்கு இது தெரியும். அதனால மரம் நடுறதுக்கான ஒப்பந்தத்தில் முதல் வருஷமே பாதிப் பணம், அப்புறம் 20, 15, 10, 5 விழுக்காடுன்னு இறங்குமுகமா வச்சாங்க.

ஆனா அந்தப் பணத்துக்கு நட்டது என்ன தெரியுமா? பெரும்பாலும் தேக்கும் குமிழும். ஆமா, நம்ம பக்கத்து மரங்களேதான்! அங்க குமிழை மெலினான்னு கூப்பிடுதாங்க. வெட்டி விக்க நல்ல மரம், சந்தேகமில்ல. ஆனா தேக்கந்தோப்புக்குக் கீழ போய் நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், சருகு, அதுக்குக் கீழ வெறும் மண்ணு, மழை பெய்தா அதுவும் ஓடும். அதைக் காடுன்னு எழுதி, நிலத்தை மீட்டோம்னு கணக்குக் காட்டலாம். பிறகுதான் தானா முளைக்கிற காட்டை விட்டுவைக்கிறதுக்கும் ஒரு தனித் தொகை வச்சாங்க. அது காவல் கூலியைவிடக் குறைச்சல்.

உண்மையான மீட்புக்கு எனக்குப் பிடிச்ச கதை குவானகாஸ்தேயில் நடந்தது. அதில் ஒரு டாலர்கூடக் கை மாறல.

அங்க உலர்காடு. மாட்டுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து ஹராகுவாங்கிற புல்லைக் கொண்டாந்து விதைச்சிருந்தாங்க. ஆளுயரம் வளரும், கோடையில் பத்திக்கும். எரிஞ்சா புல்லு திரும்ப வரும், மரக்கன்னு செத்துப்போகும். அந்தச் சுழலை உடைக்க முடியல. டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ்னு ஒரு தம்பதி, ரெண்டுபேரும் சூழலியலாளர்கள், பாதுகாப்புப் பகுதிக்கு ஆலோசகர்கள். பக்கத்தில் டெல் ஓரோன்னு ஆரஞ்சுச் சாறு கம்பெனி. அவங்களுக்குத் தோலும் சக்கையும் மலையாக் குவியுது, அதை ஒழிக்க ஆலை கட்டணும்னா பெருஞ்செலவு. ஜான்சன் சொன்னார்: பூங்காவை ஒட்டி உங்க கையில் இருக்கிற காட்டை எங்களுக்குக் கொடுங்க, உங்க தோலை எங்க மொட்டை நிலத்தில் சும்மா கொட்டிக்கோங்க.

ஒப்பந்தமாச்சு. 1,000 லாரி, சுமார் 12,000 டன், 3 ஹெக்டேர்ல. மனசுக்குள்ள பாருங்க: முழங்காலளவு ஆரஞ்சுச் சேறு, நாத்தம், ஈ மொய்க்கு, புழு நெளியுது. அந்தப் பாரத்துக்கும் புளிப்புக்கும் கீழ ஹராகுவாப் புல் மூச்சுமுட்டிச் செத்துது. புழுக்கள் தின்னு முடிச்சதும் கருகருன்னு பொலபொலன்னு மண்ணு. அதில் அகல இலைச் செடிக முளைக்க ஆரம்பிச்சுது.

#7 மேட்டுக்காட்டான்

அக்கா, பாதியில நிறுத்திப்போட்டீங்களே! அப்புறம் என்னாச்சுங்க?

#8 பொதிகைச்சாரல்

சாப்பிடப் போயிட்டேன், அண்ணாச்சி.

போட்டிக் கம்பெனி டிக்கோஃப்ரூட் கேசு போட்டுது. தேசியப் பூங்காவில் குப்பை கொட்டி நாசம் பண்ணுதாங்கன்னு. உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்புச் சொல்லிட்டு. லாரி நின்னுது. பதினஞ்சு வருஷம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. 2013ல பிரின்ஸ்டன் ஆராய்ச்சி மாணவர் திமோத்தி ட்ரூயர் அதைத் தேடிப் போனார். அடையாளத்துக்கு ஏழடி நீளப் பலகை, மஞ்சள் எழுத்தில் வச்சிருந்தாங்க. முதல் தடவை கண்டுபிடிக்கவே முடியல, கொடி பலகையை மூடிட்டுது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோல் கொட்டாத மேய்ச்சல் நிலம் அப்படியே கிடக்கு, இந்தப் பக்கம் புதர் விலக்கித்தான் நடக்கணும். 2017ல வந்த கட்டுரைப்படி தரைக்கு மேலுள்ள உயிர்ப்பொருள் 176 விழுக்காடு கூடுதல்.

கம்பெனிக்குக் குப்பைச் செலவு மிச்சம், பூங்காவுக்குக் காடு மிச்சம். அப்படிக் குடுக்கல் வாங்கல் நடந்த இடத்தில்தான் மண்ணு மாறிச்சு. ஆனா 3 ஹெக்டேர்தான். இதை வச்சு நாடு முழுக்கத் தோல் கொட்டலாம்னு யாரும் கிளம்பிராதீங்க.

#9 பனங்காட்டுநரி

ஆரஞ்சுக் கதை அருமை, அக்கா. அதைப் படித்தும் என் கேள்வி தீரவில்லை. கூலி யார் கைக்குப் போகிறது?

திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பொதுப்பணம் என்பதால் முறையான பட்டா இருந்தால்தான் கூலி. தலைமுறையாகக் காட்டோரத்தில் இருக்கிறவனுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? பெரிய பண்ணையும், தலைநகரில் உட்கார்ந்துகொண்டு காட்டை முதலீடாக வாங்கிப்போட்டவர்களும்தான் பெரும்பங்கை அள்ளினார்கள். விண்ணப்பத்துக்கு வரைபடம் வேண்டும், வனப் பொறியாளர் சான்று வேண்டும். 300 ஏக்கர்காரனுக்கும் 10 ஏக்கர்காரனுக்கும் அந்தச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு எப்படிச் சின்னவன் வருவான்?

#10 வரவுசெலவு

இதில் உங்களோடு மல்லுக்கட்ட ஒன்றுமில்லை, நடந்ததுதான். பிற்பாடு சரிசெய்யப் பார்த்தார்கள். பட்டா இல்லாத அனுபவதாரர்களுக்கும் வழி திறந்தார்கள், பின்தங்கிய வட்டாரங்களுக்கும் பழங்குடி நிலங்களுக்கும் முன்னுரிமை மதிப்பெண் வைத்தார்கள், தோட்டத்தில் நடும் மரத்துக்கு எண்ணிக் கூலி கொடுக்கும் பிரிவையும் சேர்த்தார்கள். இருந்தும் நிலமே இல்லாதவனுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. அது அடிப்படையிலேயே உள்ள குறை.

அதற்கு மாற்றாகச் சீனாவைப் பாருங்கள். 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். மேட்டுச் சரிவுகளை உழுததால் வந்த வினை என்று முடிவுசெய்து 1999இல் சரிவு நிலங்களை மரத்துக்கும் புல்லுக்கும் திருப்பும் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் கூலியே தானியம். யாங்சிப் பக்கம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,250 கிலோ, மஞ்சளாற்றுப் பக்கம் 1,500 கிலோ, அதோடு சிறிது காசும் நாற்றும். காட்டு மரம் நட்டால் 8 ஆண்டு, பழமரம் என்றால் 5, புல் என்றால் 2. சிறு விவசாயிகள் கோடிக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆனால் “சேர்கிறாயா?” என்று கேட்டுச் சேர்த்தார்களா என்பது வேறு கேள்வி.

#11 மிளகுக்கொடி

தலைப்புக்குக் கொஞ்சம் தள்ளிப் போகிறேன், மன்னிக்கவும். எங்களுக்கு மலையில் காப்பியும் மிளகும். நிழலுக்குப் பலாவும் சவுக்கும் (சில்வர் ஓக்). சில மாதங்களுக்கு முன் கார்பன் கிரெடிட் (மரம் பிடித்து வைக்கும் கரிக்கு விற்கக்கூடிய சான்று) என்று சொல்லிக்கொண்டு ஒரு நிறுவனத்து ஆள் வந்தார். 30 வருட ஒப்பந்தம், மரம் வெட்டக்கூடாது, வருகிற வருமானத்தில் பங்கு என்றார். எவ்வளவு என்று கேட்டால் “சந்தையைப் பொறுத்து”. அப்பா கையெழுத்துப் போடுகிற மனநிலையில் இருக்கிறார். நீங்கள் பேசுகிறதும் இதுவும் ஒன்றா?

#12 வரவுசெலவு

இல்லை, மிளகுக்கொடி. கோஸ்டா ரிகாவில் விலையை அரசு முன்கூட்டி அறிவிக்கிறது, விலை விழுந்தால் அடி நிதியத்துக்கு. உங்களிடம் வந்ததில் விலை ஆபத்து முழுக்க உங்கள் அப்பா தலையில். 2023 ஜனவரியில் கார்டியன், டீ ட்ஸைட் பத்திரிகைகள் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளைத் தோண்டி, வெர்ரா என்ற சான்று அமைப்பு சான்றளித்தவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையான கரிக்குறைப்பு இல்லை என்று எழுதின. வெர்ரா அதை மறுத்தது. ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு வாங்குகிறவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். “சந்தையைப் பொறுத்து” என்றால் இதுதான்.

கையெழுத்துக்கு முன் அந்த ஆளிடம் எழுத்தில் கேளுங்கள். அளக்கவும் சான்று வாங்கவும் ஆகும் செலவு யாருடையது, பங்கு அதைக் கழித்த பிறகா முன்பா? புயலில் மரம் விழுந்தால் பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா? நிலத்தை விற்றால், பாகம் பிரித்தால் ஒப்பந்தம் யாரைக் கட்டும்? வில்லங்கச் சான்றில் ஏறுமா? சவுக்கைக் கவாத்து செய்யாமல் காப்பிக்கு வெயில் எப்படி இறங்கும்? கடைசிக் கேள்விக்கு அவர் முழித்தாரானால், அவருக்குக் காப்பித் தோட்டம் தெரியாது என்று அர்த்தம். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் அப்பாவைப் பேனா எடுக்க விடாதீர்கள்.

காசு நேராகக் கைக்குப் போனால் வேலை செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உகாண்டாவில் ஹோய்மா, கிபாலே மாவட்டங்களில் 121 ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். காட்டை வெட்டாதவர்க்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 28 டாலர். இரண்டு ஆண்டில் காசு கொடுத்த ஊர்களில் மர இழப்பு 4.2 விழுக்காடு, கொடுக்காத ஊர்களில் 9.1. அங்கே தடையை நடைமுறைப்படுத்த ஆளில்லை, வெட்டும் வேகமும் அதிகம். வன்னியன் சொன்ன போட்டி உள்ள நிலம். ஆனால் இரண்டு ஆண்டோடு பணம் நின்றது. அதனால் அந்த ஆய்வாளர்களே பலனை, வெட்டு தள்ளிப்போனதன் மதிப்பாகத்தான் கணக்கிட்டார்கள்.

#13 ஓய்வுபெற்ற_நீர்வடிப்பகுதி

இளைஞர்கள் கோஸ்டா ரிகா, உகாண்டா என்று சுற்றுகிறீர்கள். ஹரியானாவில் சுகோமாஜ்ரி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் பயிற்சி வகுப்புக்குப் போனால் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

சண்டிகருக்கு அழகு சேர்க்க 1958இல் சுக்னா ஏரியை வெட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே வண்டல் சேர்ந்து தூர்ந்துகொண்டு வந்தது. மேலே சிவாலிக் குன்றுகளில் ஆடு மாடு மேய்ந்து, மண் மொத்தமும் கரைந்து கீழே வருகிறது. மண்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ரா அங்கே தடுப்பு வேலை செய்தார். ஊர்க்காரர்கள் கேட்டார்களாம், ஏரி உங்களுக்கு, ஆட்டை நிறுத்தினால் எங்களுக்கு என்ன என்று. நியாயமான கேள்விதானே? 1976 முதல் ஊருக்கு மேலே சிறு மண் அணைகள் கட்டினார்கள். பாசனத் தண்ணீர் வந்தது. அதற்குப் பதிலாகக் குன்றில் மேய்ச்சலை ஊரே நிறுத்தியது. முள்வேலி இல்லை, காவலாளி இல்லை.

நரி தம்பி நிலமற்றவனைப் பற்றிக் கேட்டார். அந்த ஊரில் தண்ணீரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சமபங்கு வைத்தார்கள், நிலம் இல்லாத வீட்டுக்கும். அவன் தன் பங்கை மற்றவனுக்கு விற்கலாம். அதனால்தான் ஆட்டுக்காரனும் கட்டுப்பட்டான். குன்றில் பாபர் புல் வளர்ந்தது, கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் போனது. ஆடு போய் எருமை வந்தது, பால் பெருகியது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புல் வருமானத்தில் பங்கு யாருக்கு எவ்வளவு என்று வனத்துறையோடு இழுபறி. சங்கத்தின் வருமானத்துக்கு வருமான வரியும் போட்டார்கள். மீட்டெடுத்தவனிடமே வரி கேட்ட நாடு நம்முடையது. ஏரியின் பலனை அனுபவித்த நகரம் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். இமாசலத்தில் பாலம்பூர் நகர மன்றம் 2010இல் அப்படி ஓர் உடன்படிக்கை போட்டது. போஹல் ஊற்றுக்கு மேலுள்ள காட்டைக் காக்கும் கிராமங்களுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை. சிறு தொகைதான், ஆனால் தண்ணீர் குடிக்கிறவன் கையிலிருந்து போகிறது.

#14 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்; மிளகுக்கொடியிடம் வந்த நிறுவனத்தின் பெயரை ஊகித்து எழுதியவை. பெயர் வேண்டாம்.

#15 பொதிகைச்சாரல்

பெரியவர் சொன்னதில் ஒரு விஷயம் முக்கியம்: அங்க குன்றில் வந்தது மரம் மட்டுமில்ல, புல்லும்தான். மீட்புன்னா மரம்னு ஒரு கணக்கு நம்மூர்ல ஊறிப்போச்சு. 2023 அக்டோபர்ல ஒன்றிய அரசு பசுமை வரவு (கிரீன் கிரெடிட்) விதிகளைக் கொண்டாந்துச்சு. நிறுவனங்க காசு போட்டு, சீரழிந்த வனநிலத்தில் மரம் நட்டா வரவு கிடைக்கும். 2024 பிப்ரவரியில் வந்த முதல் வழிமுறைப்படி ஹெக்டேருக்குக் குறைஞ்சது 1,100 மரம், ஒரு மரத்துக்கு ஒரு வரவுன்னு இருந்துச்சு. புதர்க்காட்டுக்கும் அதே 1,100, புல்வெளிக்கும் அதே 1,100ன்னா என்ன ஆகும்? நீலகிரிப் புல்வெளியில் சீகை (வாட்டில்) மரத்தையும் தைலமரத்தையும் நட்டுட்டு, இப்ப அதே சீகையைப் பிடுங்கத் தனியா செலவழிக்கிறோம். கூலியை எதுக்குன்னு எண்ணிக் கொடுக்கோமோ அதுதான் முளைக்கும். மரத்தை எண்ணினா மரம் வரும், தண்ணியை எண்ணினா வேற ஏதாவது வரலாம்.

#16 வன்னியன்_ரொறன்ரோ

அக்கா சொன்னதுக்கு என்ர பக்கத்திலயிருந்து ஒண்டு. செய்மதியால மரத்தை எண்ணலாம், தண்ணியை எண்ணேலாது. அதாலதான் எல்லாரும் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். ஆற்றில மானி வைச்சு வருசக்கணக்கா அளக்க யாரும் காசு போடுறேல்லை.

இன்னொரு கேள்வி, இது கோஸ்டா ரிகாவுக்கு. 2019இல 2050க்குள்ள கரி வெளியேற்றத்தை நிகரப் பூச்சியமாக்குறம் எண்டு திட்டம் போட்டவை. மின்சார வாகனம் வந்தால் பெற்றோல் வரி குறையும். காட்டுக்குக் காசு குடுக்கிறதே அந்த வரிதானே. அப்ப?

#17 வரவுசெலவு

வன்னியன், அந்தக் கேள்வி தலைநகர் சான் ஹோசேயில் இருப்பவர்களுக்கே தலைவலி. தண்ணீர்க் கட்டணத்தை 2006 வாக்கில் உயர்த்தி, அதில் கால் பங்கை இந்த நிதியத்துக்குத் திருப்பினார்கள். அது வண்டியை நம்பாத வருமானம், ஆனால் எரிபொருள் வரியை ஈடுகட்டும் அளவுக்கு வராது. நீர்மின் கம்பெனிகளும் மதுபானக் கம்பெனி ஒன்றும் தங்கள் ஆற்றுக்கு மேலுள்ள நிலத்துக்குத் தாங்களாகவே ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பிரான்சில் விட்டெல் தண்ணீர்க் கம்பெனி செய்ததும் இதுதான். ஊற்றில் நைட்ரேட் ஏறுவதைப் பார்த்து, மக்காச்சோளத்தை நிறுத்தி உலர்புல் முறைக்கு மாற மேலே இருந்த 26 பண்ணைகளுக்குக் கூலி கொடுத்தார்கள். பேச்சுவார்த்தையே பத்தாண்டு இழுத்தது.

என்னைக் கேட்டால் அடுத்த வரி மின்கட்டணத்தில்தான் வந்து விழும். நாட்டின் மின்சாரம் பெரும்பகுதி நீர்மின்சாரம், அணையில் வண்டல் சேர்ந்தால் நட்டம் மின்வாரியத்துக்கு. ஆனால் பெட்ரோல் விலையோடு கலந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மின்கட்டண ரசீதில் “காட்டுக்கு” என்று தனி வரி அச்சானால் வாக்காளர் என்ன சொல்வார் என்பதைத் தேர்தலில்தான் பார்க்கவேண்டும்.

#18 பனங்காட்டுநரி

தனி வரியாக அச்சிடட்டும் என்றுதான் நான் சொல்வேன். கொடுக்கிறவனுக்குத் தெரிந்தால்தான் பணம் எங்கே போகிறது என்று கேட்பான். மிளகுக்கொடி, அப்பா என்ன முடிவு செய்தார் என்று எழுதுங்கள்.